மரக்கறி உணவும் தேகாரோக்கியமும்

சென்ற மாதம் நமது தோட்டத்து மாரியம்மன் ஆலய மண்டபத்தில் ஒரு பிரசங்கம் நடைபெற்றது. பட்டணத்திலிருந்து எழுந்தருளியிருந்த பிரசங்கியார் நல்ல குரலும் நாவன்மையும் படைத்தவர். ஒன்றேகால் மணி நேரம் தங்குதடையின்றிப் பேசினார். பேச்சின் சாரம் இதுதான்: மாமிசம் புசிப்பதனாலேயே மலேசியத் தமிழர் நீரிழிவாலும் மாரடைப்பாலும் மடிகின்றனர், மரக்கறி உணவை மேற்கொண்ட நாள் முதல் நோய் அணுகாது, சைவ உணவு உண்பவனுக்கு வைத்தியன் வேண்டியதில்லை. கூட்டத்தினர் கைதட்டினர். பாயில் உட்கார இயலாமையால் முன்வரிசையில் நாற்காலி இட்டு அமர்த்தப்பட்டிருந்த எமது தாயாரும் கைதட்டினார். பதினோராண்டுகளாக ஒரு மீன் துண்டையேனும் நாவில் வைத்தறியாத அவ்வம்மையாருக்கு, அன்று மண்டபத்தின் மூன்று படிகளை இறங்குவதற்கு இருவருடைய தோள்கள் தேவைப்பட்டன.

வீடு வந்து சேர்ந்ததும் அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. "ஐயா, சைவத்துக்கு வைத்தியரே வேணாம்னு அவரு சொன்னாரே, அந்த ஊசியை இனிமே நிறுத்திடலாமா?" என்றார். அந்த ஊசி எதற்கென்பதைப் பின்னர்க் கூறுவோம்.

பிரசங்கியார்மீது நமக்குத் தனிப்பட்ட விரோதம் கிஞ்சித்தும் இல்லை. ஓர் உயிரைக் கொன்று தன் வயிற்றை நிரப்புதல் தகாதென்று அவர் உபதேசித்திருப்பாராயின், நாம் வாய் திறந்திருக்கமாட்டோம். அது அறத்தைச் சார்ந்த விஷயம். அவரவர் நெஞ்சம் ஏற்பதைப் பொறுத்தது. ஆனால் அறத்தின் பெயரால் கூறவேண்டியதை அவர் வைத்தியத்தின் பெயரால் கூறப் புகுந்தார். வைத்தியம் என்று வந்துவிட்டால் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையுண்டு. அதிலும் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்து, மாலையில் கூலிக் கணக்கும் வைத்திய விடுப்புச் சீட்டுகளும் வரிசைப்படுத்தி வைக்கும் கிராணி வேலையைச் செய்யும் நமக்கு அந்த உரிமை சற்று அதிகமென்றே நினைக்கிறோம்.

அவர் திருவள்ளுவரைத் துணைக்கழைத்தார். நல்லது. புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் அப்பெரியார். அப்பத்துக் குறள்களையும் நாம் அன்றிரவே எடுத்துப் படித்தோம். அருளைப் பற்றிப் பேசுகிறார். கொலையைப் பற்றிப் பேசுகிறார். உண்பவன் இல்லையேல் விற்பவன் இல்லை என்னும் நியாயத்தை எடுத்துரைக்கிறார். புலால் தின்றால் பிணி வரும் என்றோ, தின்னாவிட்டால் பிணி நீங்கும் என்றோ பத்தில் ஒன்றிலும் கூறினாரில்லை. மாறாக, பிற உயிரின் ஊனை உண்டு தன் ஊனை வளர்ப்பவன் என்றல்லவா முதற்குறளிலேயே கண்டிக்கிறார்? ஊன் ஊனை வளர்க்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. அப்படி வளர்ப்பது அருளுடைமையா என்பதே அவருடைய கேள்வி. நோயைப் பற்றிப் பேச அவர் தனியே மருந்து என்னும் அதிகாரம் வைத்துள்ளார். அங்கே சொல்லப்படுவது அளவு. முன் உண்டது செரித்தபின் உண்ணுதல். உடற்கு ஒவ்வாததை விலக்குதல். புலால் என்ற சொல்லே அவ்வதிகாரத்தில் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் போற்றும் ஆசிரியர் இவ்விரண்டு விஷயங்களையும் தனித்தனி இடத்தில் வைத்திருக்க, இவர் இரண்டையும் ஒரே சட்டியிலிட்டுக் கிண்டுவானேன்?

பிரசங்கியார் சற்றே சிரமம் எடுத்துப் படித்திருப்பாராயின் தம் கட்சிக்கு ஆதரவான சான்றுகளே அவருக்குக் கிடைத்திருக்கும். அவற்றை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் அட்வெண்டிஸ்டு சபையைச் சேர்ந்த 73,308 பேரை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், மரக்கறி உண்போரிடையே மரண விகிதம் அதே சபையைச் சேர்ந்த மற்றோரைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவாக இருந்தது. பதப்படுத்திய மாமிசம் குடற் புற்றுநோய்க்குக் காரணமாகுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் 48,000-க்கு மேற்பட்டவர்களைப் பதினெட்டாண்டுகள் கவனித்து 2019-இல் வெளியான ஆராய்ச்சியில், மரக்கறியாளருக்கு இருதய இரத்தக்குழாய் அடைப்பு நூற்றுக்கு இருபத்திரண்டு குறைவு. ஆனால் அதே ஆராய்ச்சியின் அடுத்த வரியில், மூளையைத் தாக்கும் பக்கவாதம் அவர்களுக்கு நூற்றுக்கு இருபது அதிகம் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரியின்மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வது யோக்கியமான வாதம் ஆகாது. மேலும் அவ்வெள்ளையர்கள் உண்ட மரக்கறி உணவு யாது? தவிடு நீக்காத தானியம், கொட்டை வகைகள், பயறு, பழம், பால். அதன் பெயரும் சைவம். நம் தட்டில் இருப்பதன் பெயரும் சைவம்!

நம் தட்டைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமைதோறும், புரட்டாசி முழுவதும், தைப்பூசத்துக்கு முந்திய விரத நாட்களிலும் லயத்து வீடுகளில் சமைக்கப்படுவது என்ன? குன்றுபோல் வெள்ளைச் சோறு, பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சாம்பார், எண்ணெயில் மிதக்கும் உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம், முடிவில் டின் பால் ஊற்றிய தேநீர். கீரை? முன்னெல்லாம் ஒவ்வொரு லயத்தின் கோடியிலும் முருங்கை நின்றது. கிழவிகள் மடி நிறையப் பறித்து வந்தனர். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; களைக்கொல்லி அடித்த ஓரத்தில் கீரை பறிக்க எல்லோரும் அஞ்சுகின்றனர்; அந்த அச்சமும் நியாயமானதே. ஆலய அன்னதானத்திலோ புதுமையொன்று புகுந்துள்ளது. கோதுமைப் பசையாலும் சோயாவாலும் செய்து ஆட்டுக்கறி போலவே நிறமும் நாரும் ஏற்றிய பண்டத்தைப் பொரித்து, "சைவ மட்டன்" என்று பரிமாறுகிறார்கள். ஆட்டை வெறுத்தவர்க்கு ஆட்டின் உருவத்தின்மேல் இத்தனை ஆசை எங்ஙனம் வந்ததோ, நாம் அறியோம்!

நீரிழிவைப் பற்றிப் பிரசங்கியார் மிகவும் உருக்கமாகப் பேசினார். உருகவேண்டிய விஷயந்தான். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணிப்பின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு முப்பத்தொருவர். எல்லா இனத்தாரினும் நாமே முதலிடம். வெட்கமும் துக்கமும் ஒருங்கே உண்டாகின்றன. ஆனால் காரணம் மாமிசம் என்று எதைக்கொண்டு துணிந்தார்? நம்மவரைவிட அதிகமாக மாமிசம் உண்ணும் சீனச் சகோதரர்களிடையே இந்நோய் நம்மிற் குறைவாக இருப்பதேன்? தாயகத்தைப் பாருங்கள். உலகில் மிகக் குறைவாக மாமிசம் உண்ணும் தேசங்களுள் இந்தியாவும் ஒன்று. அங்கே நீரிழிவு உள்ளவர் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான கணக்கு கூறுகிறது. பிரசங்கியாரின் தர்க்கப்படி அங்கே அந்நோய் அருகியிருக்கவேண்டும். நம் இரத்தத்தின் இயல்பு ஒரு காரணம். நடையும் உழைப்பும் குறைந்து இடுப்புச் சுற்றளவு கூடியது ஒரு காரணம். தீட்டிய அரிசியும் சர்க்கரையும் ஒரு காரணம். இவற்றுள் எதையும் அவர் தொடவில்லை. தொட்டிருந்தால் கூட்டம் முடிந்ததும் வழங்கிய கேசரியை எவரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

நிற்க. அரிசியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் உணவுக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் நம் மலாயா ஒன்று. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவாரைக் காணோம்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் மனிதரை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும் அல்லது மெலியும், உணர்ச்சி மரக்கும், இருதயம் ஓயும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆனால் அதே மழையில் நனைந்து, அதே கொசுக்கடியில் உறங்கிய தமிழ்க் கூலிகளை இந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. ஏன்? சிரம்பானில் வைத்தியராயிருந்த பிராடன் என்பார் இதைக் கவனித்து, சீனர் உண்ணும் சயாம் வெள்ளரிசியின்மேல் சந்தேகம் கொண்டார். கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் வைத்தியர் பிளெச்சர் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். அங்கிருந்தோரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குச் சயாம் வெள்ளரிசியும் மற்றொரு கூறுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். மற்றக் கறிகள் ஒன்றே. வெள்ளரிசி உண்டவருள் பலர் நோயுற்றுப் பதினெட்டுப் பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலபுவில் சாலை வேலை செய்த சாவகத் தொழிலாளரிடம் இதையே சோதித்து உறுதி செய்தனர். பத்தேவியாவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு இதே நோயைக் கண்டிருந்தார். 1929-இல் நோபல் பரிசு பெற்றார்.

விஷயம் மிக எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்பொழுது, தவிட்டிலுள்ள ஜீவசத்து, அதாவது வைட்டமின், அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எத்தனை தீட்டினாலும் முழுவதும் போகாது. அந்தச் சத்துக்குத் தயமின் என்று பெயர். நம் பாட்டன்மாரைக் காத்தது அவர்கள் மாமிசம் தின்றதுமன்று, தின்னாததுமன்று. அவர்களுடைய அரிசி அவிந்த முறை. வறுமையால் அவர்கள் உண்ட புழுங்கற்சோறு, செல்வர் உண்ட வெண்சோற்றினும் மேலாயிருந்தது. இன்று நாம் அப்புழுங்கலை "மட்டமான அரிசி" என்று ஒதுக்கி, பூப்போல் வெளுத்த அரிசியைப் பெருமையோடு வாங்குகிறோம். சைவப் பிரசங்கம் செய்வோர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கேட்டதுண்டா?

இன்னொன்றும் நினைவுகூர்வோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் நம் தோட்டத்து முன்னோர் பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தனர். மீன் அரிது, முட்டை அரிது, மாமிசமோ கனவு. பிரசங்கியாரின் இலக்கணப்படி அது மாசுமறுவற்ற சைவ உணவு. அதன் பலன் வீங்கிய கால்கள், ஆறாத புண்கள், குழிவிழுந்த கண்களுடைய குழந்தைகள். உயிரோடு மீண்ட கிழவர்கள் தம் கடைசி நாள் வரை மரவள்ளியைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டதை நம் இளமையில் கண்டிருக்கிறோம்.

குன்னூரில் மெக்காரிசன் என்னும் வைத்தியர் இந்திய மாகாணங்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த கதையையும் குறிப்பிடாமல் போவதற்கில்லை. சீக்கியர் உணவுண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்தவர் உணவுண்டவை கடைசி வரிசையில் நின்றன. உடனே மாமிசப் பிரியர்கள் துள்ளவேண்டாம். சீக்கியர் உணவில் மாமிசம் வாரம் ஒரு முறைதான். மிகுந்திருந்தவை முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி.

இனி எமது தாயாரின் ஊசிக்கு வருவோம்.

தந்தையார் காலமான ஆண்டு அவர் புலாலை விட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த கைகள். அவருடைய விருப்பத்தில் தலையிட நாம் யார்? ஏழெட்டு ஆண்டுகள் சென்றபின் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்றார். நீரிழிவு ஏற்கெனவே உண்டு. மெட்பார்மின் மாத்திரை நெடுநாளாய்ச் சாப்பிடுகிறார். ஆகவே "எல்லாம் சர்க்கரையினால்தான்" என்று அவரும் நாமும் அக்கம்பக்கத்தாரும் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தோம். பிறகு நாக்குச் சிவந்து புண்ணாயிற்று. முகம் வெளுத்தது. இருட்டில் நடந்தால் தரை எங்கிருக்கிறதென்று பாதத்துக்குத் தெரியவில்லை. ஒருமுறை குளியலறையில் விழுந்தார். ஒரு நேர்த்திக்கடன் நேர்ந்து, இருந்த தயிரையும் விட்டார். ஆங்கிலப் பள்ளியில் படித்து நாலு புத்தகம் புரட்டிய நாமும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் குற்றத்தை வேறெவர் தலையிலும் ஏற்ற மனமில்லை.

அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் இளவயது வைத்தியப் பெண் ஒருத்தி, "பாட்டி, நீங்க சைவமா?" என்று வினவினாள்.

"ஆமாம்மா, பதினோரு வருஷமா சுத்த சைவம்" என்றார் பெருமையுடன்.

"பால் குடிப்பீங்களா?"

"தேத்தண்ணியிலே ஊத்துற டின் பால்தான்."

"அது பாலே இல்ல பாட்டி" என்றாள் அப்பெண். உண்மையே. இன்று கடையில் அப்பெயரால் விற்கப்படுபவற்றுள் பல, செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தவை. 1939-லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய அம்மையார், இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டுவதைப் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே ரோட்டரி சங்கத்தில் கண்டித்துப் பேசினார். நாம் இன்னும் அந்த டின்னைத் திறந்தவண்ணம் இருக்கிறோம்.

இரத்தத்தைச் சோதித்தார்கள். பி-12 என்னும் ஜீவசத்து மிகக் குறைவு. இச்சத்தை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை. எந்த விலங்கும் உண்டாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்குகின்றன. அது மாமிசத்திலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும் தங்குகிறது. கீரையிலும் பருப்பிலும் இராது. உடலில் சேமிப்பு இருப்பதால் குறைவு தெரிய ஆண்டுகள் பல ஆகும். போதாக்குறைக்கு மெட்பார்மினும் அச்சத்தைக் குடல் ஏற்பதைத் தடுக்கிறது. 1926-இல் மைனட், மர்பி என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இவ்வகை இரத்தச்சோகையாளருக்கு ஈரலை ஊட்டி உயிர் காத்தனர். 1948-இல்தான் அந்த ஈரலுக்குள் ஒளிந்திருந்த செந்நிறச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

முதல் ஊசிக்கு முன் தாயார் கேட்டது ஒன்றுதான். "இது மாட்டுலேர்ந்து எடுத்ததா?" இல்லை, பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்த்துச் செய்வது என்று அப்பெண் விளக்கினாள். "அப்ப சரி" என்று கையை நீட்டினார். பதினைந்து நாட்களில் நாக்குப் புண் ஆறியது. முகம் தெளிந்தது. சோர்வு பெரும்பகுதி நீங்கிற்று. ஆனால் பாதத்தின் மரமரப்பு முழுவதும் போகவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் வந்திருந்தால் போயிருக்கக்கூடும் என்றாள் வைத்தியப் பெண். மண்டபத்துப் படிகளில் அவருக்கு இரு தோள்கள் வேண்டியிருப்பது அதனால்தான். அந்த ஊசியைத்தான், ஒன்றேகால் மணி நேரப் பேச்சைக் கேட்டுவிட்டு, நிறுத்தலாமா என்று அவர் வினவினார்.

அவர் ஒருவரே ஏமாந்தாரென்று எண்ணவேண்டாம். இரண்டாவது லயத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பிரசங்கத்தின் மறுநாளே முட்டையையும் நெத்திலியையும் நிறுத்திவிட்டாள். ஈடாக வேறு எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கவேண்டுமென்று எவரும் சொல்லவுமில்லை. இந்நாட்டில் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு முப்பது பேர் இரத்தச்சோகையுடையவர் என்று அதே 2019-ஆம் ஆண்டுக் கணிப்பு கூறுகிறது. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் மாமிசத்திலுள்ளதுபோல் உடல் அதை எளிதில் ஏற்பதில்லை. சோறுண்ட கையோடு தேநீர் குடித்தால் உள்ளதும் குறையும். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கூடும். இவ்வளவு சிறிய செய்தியைச் சொல்ல அரை நிமிஷம் போதாதா? அம்மேடையில் எழுபத்தைந்து நிமிஷம் இருந்ததே!

சைவம் என்றால் உயர்வு, கவிச்சி என்றால் தாழ்வு என்னும் பழைய எண்ணம் இதற்குள் புகுந்திருப்பதை நாம் காணாமலில்லை. லயத்தில் கருவாடு சுட்ட மணம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பெரிய மனிதர்கள் நம்மிலும் உண்டு. அந்தக் கருவாட்டுத் துண்டுதான் பல ஏழைப் பிள்ளைகளுக்கு அன்றன்று கிடைத்த ஒரே புரதம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. தீட்டைப் பேசினால் இக்காலத்தில் எவரும் கேட்கமாட்டார்; ஆகையால் அதே பேச்சு ஆரோக்கியம் என்னும் புதிய வேட்டியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறுகிறது.

இதனால் நாம் மாமிசக் கட்சியில் சேர்ந்தோம் என்று சிலர் புறங்கூறக்கூடும். ஞாயிறுதோறும் பொரித்த கோழியை வாளியில் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்து, "இதுதான் சத்து" என்று களிப்போரைக் கண்டும் நமக்கு வயிறு எரிகிறது. அவர்களைப் பற்றி எழுத வேறொரு நாள் வேண்டும். புலால் உண்ணாமலே திடகாத்திரமாய் வாழமுடியும், ஐயமில்லை. புழுங்கலரிசியோ கேழ்வரகோ அளவோடு, பருப்பும் பயறும் கரண்டி நிறைய, தௌஹூ, மலாய்க்காரச் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் தெம்பே, உண்மையான பால் அல்லது தயிர், கீரை, பி-12 மாத்திரை. செலவு, சைவ மட்டன் வாங்கும் செலவைவிடக் குறைவே. எமது தாயார் இன்றும் சைவர்தாம். அவர் உண்ணும் தட்டு மட்டுமே மாறியிருக்கிறது.

பிரசங்கியார் அடுத்த மாதம் மறுபடியும் வருகிறாராம். அன்று நமக்குப் பத்து நிமிஷம் பேச அனுமதிக்கவேண்டுமென்று ஆலயக் காரியதரிசிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தோம். ஆலயத்துக்குள் மாமிசத்தைப் பற்றிப் பேசலாகாது என்று பதில் வந்தது. மாமிசம் என்ற சொல்லையே உச்சரிக்கமாட்டோம், அரிசியையும் பருப்பையும் ஓர் ஊசியையும் பற்றி மட்டுமே பேசுவோம் என்று மறுபடி எழுதியிருக்கிறோம். இதை அச்சுக்கு அனுப்பும் வரை மறுமொழி இல்லை. தாயாரின் அடுத்த ஊசி இம்மாதம் பதினான்காம் தேதி. அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.